கரையேறும் நேரம்

ஜெனோவா மச்சாதுவின் வலது தோள் வேலை முடிந்த பிறகு கிழிந்தது. ‘முடிந்த பிறகு’ என்று சொன்னது நிறுவனம். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் தொழிற்சங்கத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் வக்கீல் இல்லை. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களுக்கு நடுவே வளர்ந்தவன். அந்த வித்தையை மிளகாயிடம் காட்டாமல் மனிதர்களிடம் காட்டிப் பிழைக்கிறேன். தொழிற்சங்கங்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பேச்சுவார்த்தை ஆலோசகர். துறைமுகத்துப் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தரகர் அண்ணாச்சி என்பார்கள். தனுஷ்கோடி என்று எனக்கொரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். மனைவியும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தூத்துக்குடியில், பழைய உப்புக் கிடங்குகள் இருந்த இடத்தில், நீலாதாரா ஆழ்கடல் நிறுவனத்தின் கொட்டகை இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் கல்யாண மண்டபம். உள்ளே போனால் பல் ஆஸ்பத்திரி. வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் தலையில் தொப்பியோடு ஒரு பெண் கண்ணை மூடிக் கிடப்பாள். தூங்குகிறாள் என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். அந்த நேரத்தில் அவள் இந்தியப் பெருங்கடலின் அடியில், வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாத சேற்றில், ஆறு காலும் இரண்டு கையும் உள்ள இரும்பு யந்திரமாக நடந்துகொண்டிருப்பாள்.

அந்தச் சேற்றில் உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்குவதுதான் வேலை. முதலில் யந்திரங்களைத் தனியாக இறக்கிப் பார்த்தார்கள். சேறு கிளம்பியதும் கண் தெரியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கட்சிக் கூட்டம் கலைந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய் நின்றன. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, இது கல், இது சரக்கு என்று பிரிக்க மனிதக் கையின் புத்தி வேண்டியிருந்தது. மீன் பிரித்த கைகளும் உப்பு அள்ளிய கைகளும் தூத்துக்குடியில் மலிவாகக் கிடைத்தன. அப்படி வந்ததுதான் கொட்டகை.

யந்திரத்தைப் பெண்கள் நண்டு என்பார்கள். அதற்குள் போவது இறங்குவது. அதை விட்டு வெளியே வருவது கரையேறுவது.

ஜெனோவாவை நான் முதலில் பார்த்தது திரேஸ்புரத்தில், அவள் வீட்டில். நாற்பது வயது இருக்கும். அவள் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்தால், எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுந்து நிற்கலாமா என்று தோன்றும். வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. இடது கையால்தான் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உட்கார்ந்தபோது தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் சூடான டம்ளரில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் கவனிக்கவில்லை. சுடவில்லையா என்று கேட்டேன்.

“தெரியல அண்ணாச்சி. கை இங்ஙன இல்ல. இன்னும் கீழதான் கெடக்கு. சேறு சில்லுன்னு இருக்கு” என்றாள், பக்கத்துத் தெருவில் செருப்பை விட்டுவிட்டு வந்தவள் மாதிரி.

இதற்குத் தங்கல் என்று பெயராம். ஆள் மேலே வந்த பிறகும் உடம்பில் ஒரு பகுதி கீழே தங்கிப் போவது. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் கொஞ்சம் வரும். சிலருக்குக் கால் ஆறு இருப்பதாகத் தோன்றி வாசற்படியில் தடுமாறுவார்கள். சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். ஜெனோவாவுக்குச் சரியாகவில்லை. தோளில் கிழிந்த நரம்பு ஒட்டிய பிறகும் கை திரும்பி வரவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டேன். தொப்பி இரண்டு காரியம் செய்யும் என்றாள்.

“ஒண்ணு, நம்மள நண்டோட சேத்துக் கட்டும். இன்னொண்ணு, நம்ம ஒடம்பப் பூட்டிப் போடும். பூட்டலைன்னு வைங்க, நண்டு கையத் தூக்கும்போது இங்ஙன நாற்காலில கெடக்குத என் கையும் தூக்கும். நண்டு கை தென்னமரம் ஒசரம். என் கை தாங்குமா?”

“கரையேறும்போது?”

“மொதல்ல கட்டு அவுரணும். பெறகுதான் பூட்டு தொறக்கணும். அன்னைக்கிப் பூட்டு முந்திட்டு.”

பூட்டு முந்திக்கொண்ட நேரத்தில் அவள் நண்டாக இருந்து ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். வேலை முடிந்த மணி அடித்தாகிவிட்டது. நண்டைக் கொண்டுவந்து அதன் கூண்டில் நிறுத்தியாகிவிட்டது. பிறகு அவள் நண்டின் கையைத் தாழ்த்தி, நண்டு நிற்கிற தரையைத் தொட்டு, அந்தக் கையை மேலே கொண்டுவந்து நண்டின் கண்களில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

லாரி ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார். தையல்காரர் மிஷினை. எங்கள் மண்டியில் தராசை. கடலுக்கடியில் இதை முதலில் செய்தது யார் என்று கொட்டகையில் யாருக்கும் தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எல்லாரும் செய்தார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவள் கண்ணில் ஒற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். பள்ளிவாசல் தெருக்காரி நெஞ்சில் கை வைத்தாள். அதுவரைக்கும், அதாவது குனிந்து தொடுவதும் கண்ணுக்குக் கொண்டுவருவதும், எல்லாருக்கும் ஒன்றுதான்.

தென்னை உயரக் கை தரையிலிருந்து கண்ணுக்கு எழும்புகிற வேகத்தில் நாற்காலியில் கிடந்த ஜெனோவாவின் கை எழும்பியது. நாற்காலியின் இரும்புச் சட்டம் குறுக்கே இருந்தது. சட்டம் வளைந்திருப்பதை நானே போய்ப் பார்த்தேன்.

நிறுவனத்தின் பதில் சுருக்கமாக இருந்தது. மணி அடித்ததோடு வேலை முடிந்தது. மணிக்குப் பிறகு அசையாமல் கிடக்க வேண்டும் என்பது விதி. அவள் கிடக்கவில்லை, சாமி கும்பிட்டாள். கிடந்திருந்தால் பூட்டு எப்போது திறந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சாமி கும்பிடும்போது அடிபட்டால் சாமிதான் பொறுப்பு என்று அவர்கள் எழுதவில்லை. படித்தவனுக்கு அப்படித்தான் கேட்டது.

எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான்: வேலை முடிந்து கிளம்புகிறவன் வாசலைத் தாண்டும் வரை அவனுக்குப் படுகிற காயம் வேலைக் காயம். மணி அடித்த பிறகு மில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவனுக்கும் இழப்பீடு உண்டு, ஏனென்றால் படிக்கட்டு மில்லுடையது. ஜெனோவாவோ காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையவே இல்லை. அவள் கிளம்பிய இடம் கடலடி. வந்து சேர வேண்டிய இடம் தன் உடம்பு. நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் யாருடைய படிக்கட்டு? சட்டம் எழுதியவர்களுக்கு இப்படி ஒரு படிக்கட்டு வரும் என்று கனவில்கூடத் தெரிந்திருக்காது.

வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்பதால் முதலில் பேசிப் பார்த்தேன். பேச வந்தவர் அபிநந்தன், நிறுவனத்தின் செயல்பாட்டுத் தலைவர், சென்னைக்காரர். இஸ்திரி கலையாத சட்டை. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவனோடு பேரம் பேசுவது சுலபம். அவனுக்குத் தான் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியும். நல்லவர்கள் எதைக் கொடுத்தாலும் தானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் நல்லெண்ணத் தொகை என்று ஒன்றைச் சொன்னார். நான் வயிற்றுவலிக்காரன் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் ஏற்றினார். நாற்காலிச் சட்டம் வளைந்திருக்கிறதே, மாற்றுவதற்கு முன் பத்திரிகைக்காரர்கள் யாராவது படம் எடுத்துவிட்டார்களா என்று அக்கறையோடு விசாரித்தேன். இன்னும் ஏற்றினார். அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டு, ஜெனோவாவின் மகள் எந்த வகுப்பு என்று நானே சொல்லிவிட்டு, டீயை முடிக்காமல் எழுந்து நடந்தேன். கதவருகே வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் நின்ற தொகையில் திரேஸ்புரத்தில் ஒரு மாடி வீடு வாங்கலாம், மகளையும் கரையேற்றலாம். ஒரே நிபந்தனை. காயம் வேலையில் பட்டதல்ல என்று ஜெனோவா எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் தொழிலில் இப்படி ஒரு தொகை அமைவது அபூர்வம். அல்வா வாங்கிக்கொண்டு திரேஸ்புரம் போனேன். ஜெனோவாவும் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கிற இசக்கிராணியும் இருந்தார்கள். தொகையைச் சொன்னதும் இசக்கிராணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஜெனோவா கேட்டது வேறு.

“வேலையில அடிபட்டுச்சுன்னு எழுதுவாகளா?”

“நல்லெண்ணத்துல குடுக்கறதா எழுதுவாங்க.”

அவள் அல்வாப் பொட்டலத்தை இடது கையால் மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள்.

“அவுக நல்லெண்ணத்துல குடுத்தா அவுக நல்லவுக ஆயிருவாக அண்ணாச்சி. நான் என்ன ஆவேன்?”

ஜெயித்தால் சட்டப்படி கிடைப்பது இதில் பாதிதான் என்று விளக்கினேன். தோற்றால் அதுவும் கிடையாது, இந்தத் தொகையும் திரும்பி வராது என்றேன். மகள் படிப்பைச் சொன்னேன். கை சரியாகாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அது நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. வியாபாரத்தில் அப்படி ஒரு கேள்வியை எதிராளியிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் சொன்னாள்:

“கீழ எறங்கினது நானு. கரையேறி முடிக்கலன்னு எனக்குத் தெரியும். இன்னும் முடிக்கல. முடிஞ்சுட்டுன்னு மெட்ராஸ்ல இருக்கவரு சொல்லுதாரு. அதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா எங்கையெழுத்தக் காட்டுவாக.”

இசக்கிராணி என்னைப் பார்த்து, “அண்ணாச்சி மூஞ்சியப் பாரு. வித்த மாட்டத் திரும்ப ஓட்டிட்டு வரச் சொன்ன மாதிரி இருக்காக” என்றாள். மூவரும் அல்வாவைத் தின்றோம்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஜெனோவாவை மனதுக்குள் திட்டினேன். மண்டியில் எல்லா வகை ஆளையும் பார்த்திருக்கிறேன். அழுகிறவன், ஏமாற்றுகிறவன், சத்தியம் செய்கிறவன். இவர்களில் யாரும் எங்கள் அப்பாவைப் பயமுறுத்தியதில்லை. சரக்கை விரித்து வைத்துவிட்டு, விலையைச் சொல்லாமல் நேராக நம் கண்ணைப் பார்க்கிறவன் ஒருவன் எப்போதாவது வருவான். அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் ஆனது. வழக்குப் போட்டோம்.

விசாரணைக்குச் சில நாள் முன்பு கொட்டகைக்கு எதிர் டீக்கடையில் இசக்கிராணி ஒரு சேதி சொன்னாள். பேச்சுவாக்கில், சிரித்துக்கொண்டு சொன்னாள். இதே நிறுவனத்தின் பிலிப்பைன்ஸ் மையத்தில் ஒருத்தி அவளுக்குக் கூட்டாளி. கடலடியில் இருவருடைய நண்டும் அக்கம்பக்கத்துக் கூண்டில் நிற்கும். மேலே வந்தால் போன் மொழிபெயர்த்துச் சொல்ல, இருவரும் புருஷன்மார்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

“இப்பல்லாம் வேல முடிஞ்சா அவளும் நம்மளாட்டமே தொட்டுக் கும்பிடுதா அண்ணாச்சி. எங்களப் பாத்துப் படிச்சியாட்டின்னு கேட்டேன். இல்லியாம், கம்பெனில பயிற்சி குடுத்தாகளாம். செய்யலன்னா வெளிய விடமாட்டாகளாம்.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். வைத்த வேகத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஒருத்தி போனில் சொன்னாள் என்பது சாட்சியம் ஆகாது. நிறுவனத்திடம் நேராகக் கேட்டால் அது வேறு, இது வேறு என்று சொல்ல அவர்களுக்கு நல்ல வக்கீல் இருந்தார். அது அவர்கள் வாயிலிருந்து தானாக வர வேண்டும்.

தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் மெஹராஜ் பேகம் அதிகம் பேசாதவர். சின்ன அறை, பெரிய மின்விசிறி. அன்றைக்கு வேலை முறை இல்லாத பெண்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். நிறுவனத்தின் வக்கீல் சாருலதா வாதாடியதைக் கேட்டபோது என் கட்சியே தப்போ என்று எனக்குத் தோன்றிவிட்டது. யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை என்று ஆரம்பித்தார். பக்தி தனிமனித உரிமை, அதை நிறுவனம் மதிக்கிறது. ஆனால் ஒருவர் கிளம்பும் வழியில் கோயிலுக்குப் போனால் கோயில் படியில் விழுவதற்கு முதலாளி பொறுப்பாக முடியுமா என்று கேட்டார். மணிக்கும் விழிப்புக்கும் இடையில் உள்ள நேரத்தில் அசையாமல் இருப்பது ஒன்றே தொழிலாளியின் கடமை, அந்தக் கடமையை இவர் மீறினார் என்று முடித்தார்.

ஆணையர் ஜெனோவாவைப் பார்த்து, மணி அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

“காலு கீழ இருந்துச்சும்மா. கை நடுவுல. மனசு கொழம்புக்குப் புளி கரைக்க வீட்டுக்குப் போயிட்டு.”

பின்சுவரில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆணையர் சிரிக்கவில்லை. கும்பிட்டது எந்தச் சாமியை என்று கேட்டார்.

“சாமி இல்லம்மா. பொழுதன்னைக்கும் அது என்னையச் சொமக்குது. எங்காலு சேத்துல பதியாம அது காலப் பதிக்குது. சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு வரலாமா? சொல்லிட்டு வந்தாத்தான் வந்த மாதிரி இருக்கும்.”

ஆணையர் எதையோ எழுதினார். பதில் அழகாக இருந்தது. அழகுக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று தெரியவில்லை. சங்கத்தின் சார்பில் அபிநந்தனிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி வாங்கினேன்.

சரக்கை மட்டம் தட்டினால் வியாபாரி வாயை மூடிக்கொள்வான். எங்கள் மண்டியில் பழகிய எவனும் அதைச் செய்ய மாட்டான். புகழ வேண்டும். அதுவும் அவன் எதை நினைத்துப் பெருமைப்படுகிறானோ அதைப் பார்த்துப் புகழ வேண்டும். மீதியை அவனே சொல்லுவான்.

தங்கல் கோளாறு இந்தத் தொழிலிலேயே அவருடைய நிறுவனத்தில்தான் குறைவு என்று படித்தேன், உண்மையா என்று கேட்டேன். உண்மை என்றார். மற்ற நிறுவனங்கள் எவ்வளவோ செலவு செய்தும் முடியாதது இவர்களால் எப்படி முடிந்தது என்று வியந்தேன். என் வியப்பில் பாதி நிஜம். அவர் முகத்தில் இதுவரை இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

“தொழில் ரகசியம்னா வேண்டாம் சார்” என்றேன்.

சாருலதா கெட்டிக்காரர். எழுந்துவிட்டார். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார். தனக்கும் தெரிந்துகொள்ள விருப்பமாக இருக்கிறது என்று ஆணையர் சொன்னார்.

“ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல” என்றார் அபிநந்தன். “எல்லா மையத்து ஆப்பரேட்டர்ஸோட டேட்டாவும் பாத்தோம். சிலருக்குத் தங்கல் ரொம்பக் கம்மி. ஏன்னு பாத்தா, லிங்க் விடறதுக்கு முன்னாடி கையில ஒரே மாதிரி ஒரு மூவ்மென்ட். கீழ போகுது, நின்னு, மெதுவா மேல வருது. அந்த மூவ்மென்ட்தான் மூளைக்கு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லுது. மணி சத்தம் அதைச் சொல்றதில்ல. அத எடுத்து ஒரு முறையா ஆக்கினோம். நிறைவு அசைவுன்னு பேர். இப்ப எங்க வெளிநாட்டு மையம் எல்லாத்துலயும் அது கட்டாயம்.”

“கட்டாயம்னா?”

“வேலையோட கடைசிப் பகுதி அதுதான். அது இல்லாம யாரையும் வெளிய எடுக்க மாட்டோம்.”

சாருலதா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இவ்வளவு பெரிய விஷயத்தை எங்களுக்கு ஒருமுறை செய்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அபிநந்தன் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். குனிந்து, வலது கையைத் தாழ்த்தி, ஆணையர் அலுவலகத்துத் தரையை விரல் நுனியால் தொட்டார். ஒரு கணம் நின்றார். கையை மெதுவாக மேலே கொண்டுவந்து வலது கண்ணில் வைத்தார்.

இசக்கிராணி சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. பின்சுவரில் நின்ற ஒருத்தியின் கை தன்னையறியாமல் கண்ணுக்குப் போய்த் திரும்பியது.

கண்ணில் வைத்த கையோடு அபிநந்தன் அந்தப் பெண்களைப் பார்த்தார். பிறகு ஜெனோவாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த கணத்தை நான் பார்த்தேன். வேலை முடிகிற நேரத்தில் கொட்டகையில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. சென்னையில் அவர் திரையில் ஒரு கோடு கீழே போய் மேலே வந்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தலைகீழாகத் தெரிந்தவருக்கு அது ஒரு கும்பிடு என்று தெரியாது. நிறுவனத்தை ஜெயிக்க வைத்தது விஞ்ஞானம் என்றும், ஜெனோவாவின் தோளைக் கிழித்தது பக்தி என்றும் அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

“ரெண்டு கண்ணுலயும் ஒத்தணும் சார்” என்றாள் ஜெனோவா.

அவர் வாதாடவில்லை. கையை எடுத்து இடது கண்ணிலும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்காக அந்த மனிதரை இன்றைக்கும் மதிக்கிறேன். நானாக இருந்தால் முதுகு வலி என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆணையரின் தீர்ப்பு நீளமாக இருந்தது, பொருள் சின்னது. மணி வேலையை நிறுத்தலாம். ஆளை வேலையிலிருந்து வெளியே கொண்டுவருவது மணி அல்ல. தொழிலாளி தன் உடம்புக்குத் திரும்பி முடிக்கிற வரை உள்ள நேரம் வேலை நேரம். அப்படித் திரும்புவதற்கு அவர்கள் செய்கிற செயல் வேலையின் பகுதி. ஜெனோவா மச்சாதுவுக்குப் பட்டது வேலைக் காயம். அதோடு, இனிமேல் கரையேறுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும்.

தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டதற்கு ஜெனோவா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் நிதானமாகக் கடைசி எழுத்து வரை எழுதினாள். வெளியே வந்ததும் பெண்கள் அவளைத் தூக்காத குறை. என் தொழிலில், பேசி முடித்த விலையில் பாதிக்குப் படிந்த பேரம் இது ஒன்றுதான். என்றாலும் அந்த அலுவலகப் படியில் இறங்கும்போது காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். இசக்கிராணி பார்த்துவிட்டாள். “கூடுதலா வாங்கிக் குடுத்தன்னைக்குக்கூட அண்ணாச்சி இப்புடி நடக்கலையே” என்றாள். வாஸ்தவம்தான்.

கதையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எந்தப் பேரத்திலும் எதிராளியின் கைக்கு ஏதாவது ஒன்று போகும். இதில் என்ன போனது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலையின் பகுதி என்று தீர்ப்பு வந்த பிறகு நிறுவனம் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. தூத்துக்குடியிலும் நிறைவு அசைவு கட்டாயமானது. எவ்வளவு குனிவது, எவ்வளவு நேரம் தொடுவது, எந்த வேகத்தில் மேலே வருவது எல்லாவற்றுக்கும் அளவு வந்தது. ஜெனோவா சொன்ன திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள், இரண்டு கண். சரியாகச் செய்தால் திரையில் பச்சை டிக் விழும். விழாவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். நெற்றியில் போடுகிற சிலுவையும் நெஞ்சில் வைக்கிற கையும் அளவில் இல்லாததால் நின்றுபோயின. யாரும் கொடுமை செய்யவில்லை. பாதுகாப்புக்காகத்தான். அப்படிச் செய்யச் சொல்லி வழக்குப் போட்டவர்களே நாங்கள்தானே.

சில மாதம் கழித்து வேறொரு வேலையாகத் துறைமுகம் போனவன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜெனோவா இப்போது இறங்குவதில்லை. தீர்ப்பில் சொன்ன அந்தப் பார்த்துக்கொள்கிற ஆள் அவள்தான். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில், கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சூடு தெரிகிறது, சேறு இன்னும் போகவில்லை என்றாள். சில நாள் வலது கை தன்னோடு இருக்கிறதாம், சில நாள் போய்விடுகிறதாம். வளர்ந்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அன்றைய வேலை முடிகிற நேரம். சுவரில் இருந்த பெரிய திரையில் கடலடி தெரிந்தது. மணி அடித்தது. நண்டுகள் ஒவ்வொன்றாக வந்து கூண்டில் நின்றன. எல்லாக் கைகளும் ஒன்றாகத் தாழ்ந்தன. ஒன்றாக எழும்பின. ஒரு கண், மறு கண். டிக், டிக் என்று பச்சை விழுந்துகொண்டே போனது. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற டிரில் மாதிரி சுத்தமாக இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். கேட்டு வாங்கிக்கொடுத்தவன் நான். வாங்கிக்கொடுத்ததில் எதைத் தொலைத்தேன் என்று அந்த டிரில்லைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

தலையைத் தூக்கியபோது கடைசி டிக்கும் விழுந்துவிட்டது. படம் அணைய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில், மங்கிக்கொண்டிருந்த சேற்றுக்குள், எல்லா நண்டுகளும் ஏதோ செய்தன. கையால் இல்லை. கையெல்லாம் இறக்கி வைத்தபடி அப்படியே இருந்தது. மிகவும் சின்னதாக ஏதோ ஒன்று, ஒரே நேரத்தில், வரிசை முழுக்க ஓடிப் போனது. என்னவென்று நான் சரியாகப் பார்ப்பதற்குள் திரை கறுத்தது. நாற்காலிகளில் பெண்கள் கண் விழித்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். இசக்கிராணி எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே என்னைப் பார்த்து, அண்ணாச்சி அல்வா எங்கே என்று கேட்டாள்.

டிக் விழுந்த பிறகு என்ன செய்தார்கள் என்று ஜெனோவாவிடம் கேட்டேன். எப்போது என்று கேட்டாள். இப்போது, திரை அணைவதற்கு முன்னால் என்றேன். என் கண் நல்ல கண்தான் என்று ஒத்துக்கொண்டாள். வேறு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் சொன்னால் அதற்கும் ஒரு விலை பேசிவிடுவேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவள் என்ற முறையில் சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

ஆனால் தொழில் புத்தி விடுமா? அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவான குரலில் எச்சரித்தேன்.

“ஏம்மா, டிக் விழுந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு கம்பெனி சொல்லும். அந்த நேரத்துல எவளுக்காவது அடிபட்டா ஒரு பைசா கெடைக்காது. நான் வந்துகூடப் பேச முடியாது. தெரியும்ல?”

ஜெனோவா தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டாள்.

“தெரியும் அண்ணாச்சி. அது எங்க நேரம்.”